எட்டில் ஒரு பங்கு

நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் கோபம் வந்தால் அடக்கிக்கொண்டு, கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவன் ஒருவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பல்கலைக்கழகப் பெண்கள் டென்னிஸ் அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். முதலில் தென்மண்டலப் போட்டி. அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. ஸ்வீட் பாக்ஸோடு வந்திருக்க வேண்டியவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன் டீச்சர். நீங்க ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அழறா. நீங்க சொன்னா கேப்பா."

ஏன்டா என்றேன். மூன்று காரணம் சொன்னான். ஒன்று, பத்து நாள் வருகைப் பதிவு போய்விடும், செமஸ்டர் பரீட்சை நெருங்கிவிட்டது. இரண்டு, வெளியூர்ப் பயணம், பெண் பிள்ளை. மூன்றாவதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்: "எப்படியும் ஜெயிக்கப் போறதில்ல டீச்சர்."

பெற்றோர் சம்மதப் படிவத்தைப் புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். அது கையெழுத்தில்லாமல் அவன் சட்டைப் பையிலேயே மடிந்து கிடந்தது.

ஊர், பேர் சொல்லாமல் இந்தச் செய்தியை அன்று மாலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாராவது நல்ல யோசனை சொல்வார்கள் என்று ஓர் ஆசை. என் கொழுந்தனார் உடனே பதில் போட்டார்: "ரெண்டு மேட்ச் தோத்துட்டு வர்றதுக்கு எதுக்கு அண்ணி ட்ரெயின் டிக்கெட்?" அதற்குக் கீழே ஏழு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அந்த ஏழு பேருக்காகத்தான் இந்தப் பதிவு.

கொழுந்தனாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தேதியை ஞாபகப்படுத்துகிறேன். 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்று நள்ளிரவில் நவி மும்பையில் நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றார்கள். ஹர்மன்ப்ரீத் கவுர் கோப்பையைத் தூக்கிய படத்தை நம் குழுவில் முதலில் போட்டது நீங்கள்தான். "சிங்கப் பெண்கள்" என்று எழுதினீர்கள். அந்தப் பெண்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய பெரியப்பா, சித்தப்பாவிடம் "தோத்துட்டு வர்றதுக்கு எதுக்குப் போறே" என்று கேட்டிருப்பார்கள்தானே? கோப்பை வந்த பிறகு கை தட்டுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிற பிள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போடுவதில்தான் செலவு இருக்கிறது.

அதே நவம்பர் 2 அன்று நம் நுங்கம்பாக்கம் மைதானத்தில் இன்னொன்றும் நடந்தது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நேராக இறங்குகிற இடம். சென்னை ஓபன் பெண்கள் டென்னிஸ் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிர்ரெல்லைத் தோற்கடித்துப் பட்டம் வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். அந்தப் பெண் எங்கே ஆடி வளர்ந்தவர் தெரியுமா? கல்லூரியில். அமெரிக்காவில் பெப்பர்டைன் பல்கலைக்கழக அணியில் ஆடி, படிப்பையும் முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முழுநேர ஆட்டத்துக்கு வந்தவர். பதினாறு வயதில் ஜொலிக்காவிட்டால் டென்னிஸில் கதை முடிந்தது, கல்லூரி டென்னிஸ் என்பது சும்மா சான்றிதழுக்கு என்று சொல்கிறவர்கள் நம் ஊர் மைதானத்தில் நடந்ததையாவது பார்க்க வேண்டாமா?

"அது அமெரிக்கா அண்ணி" என்பீர்கள். சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2025 ஜூலையில் ஜெர்மனியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் ஒற்றையர் டென்னிஸில் புனேயைச் சேர்ந்த வைஷ்ணவி அட்கர் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் டென்னிஸ் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். எத்தனை பேர் கவனித்தோம்? நானும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே போட்டிக்குப் போன நம் பேட்மின்டன் அணியின் கதையையும் கேளுங்கள். 12 பேர் போனார்கள். பெயர்களைச் சரியாகக் கொடுக்காத நிர்வாகக் குளறுபடியால் 6 பேர் ராக்கெட்டைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்கள். மீதி 6 பேர் ஆடி வெண்கலம் வாங்கி வந்தார்கள். பிள்ளைகள் தோற்கவில்லை. பெரியவர்கள் நிரப்ப வேண்டிய ஒரு காகிதம்தான் தோற்றது. நம் மாணவன் பையில் மடிந்து கிடக்கிற காகிதமும் அதே ஜாதிதான்.

இப்போது மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். "ஜெயிக்கப் போறதில்ல." முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கணக்குப் போடாமல் யாராவது விடையைச் சொன்னால் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் டென்னிஸில் ஓர் அணியும் இன்னோர் அணியும் மோதினால் மூன்று ஆட்டங்கள். இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூன்றில் இரண்டை யார் எடுக்கிறார்களோ அந்த அணி அடுத்த சுற்றுக்குப் போகும்.

நம் பிள்ளைகளை நான் உயர்த்திச் சொல்லப் போவதில்லை. எதிரணியை விட அவர்கள் கொஞ்சம் சுமார் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர்கள் ஜெயிக்கிற வாய்ப்பு பத்துக்கு நான்கு. இப்படி நூறு மோதல் நடந்தால் என்ன ஆகும்? இரண்டு ஒற்றையரையும் ஜெயிப்பது 16 முறை. இரண்டையும் தோற்பது 36 முறை. ஒன்றை ஜெயித்து ஒன்றைத் தோற்பது 48 முறை. அதாவது நூறில் 48 தடவை, கிட்டத்தட்ட பாதி, முடிவு இரட்டையர் ஆட்டத்தின் கையில்.

இரட்டையரிலும் அதே பத்துக்கு நான்கு என்றால், அந்த 48இல் சுமார் 19 கிடைக்கும். 16ஐயும் கூட்டினால் 35. நூறில் 35 மோதல் நமக்கு.

இப்போது ஒற்றையரைத் தொடாதீர்கள். அதே பத்துக்கு நான்கு இருக்கட்டும். இரட்டையரை மட்டும் பத்துக்கு ஏழாக உயர்த்துங்கள். 48இல் சுமார் 34 கிடைக்கும். 16ஐக் கூட்டினால் 50. சரிபாதி! தனியாக ஆடினால் எதிரணியை விடச் சுமாராக இருக்கிற பிள்ளைகள், சேர்ந்து ஆடப் பழகினால் சமமான அணி ஆகிவிடுகிறார்கள்.

தொடர்ந்து மூன்று சுற்று ஜெயிக்க வேண்டும் என்று வையுங்கள். முதல் கணக்கில் 23இல் ஒரு வாய்ப்பு. இரண்டாம் கணக்கில் எட்டில் ஒன்று. மண்டலத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்துவிட்டால் அகில இந்தியப் போட்டி. அங்கே நான்கு மண்டலத்திலிருந்தும் நான்கு நான்காகப் பதினாறு அணி. அதிலும் முதல் எட்டுக்குள் வந்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி.

கோப்பையோடு வருவார்களா என்று கேட்டால், வர மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். சர்வதேசப் போட்டிகளில் ஆடிப் பழகிய பிள்ளைகள் சில அணிகளில் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசுவது கணக்கு டீச்சருக்கு அழகல்ல. ஆனால் "ஜெயிக்கப் போறதில்ல" என்பதும் "எட்டில் ஒரு பங்கு" என்பதும் ஒன்றா? நீங்கள் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறீர்கள், பங்குச் சந்தையில் பணம் போடுகிறீர்கள், மகனை லட்சக்கணக்கான பேர் எழுதுகிற நீட் தேர்வுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை உட்கார வைக்கிறீர்கள். அங்கெல்லாம் எட்டில் ஒரு பங்கு கிடைத்தால் தேங்காய் உடைப்பீர்கள். பெண் பிள்ளை மட்டையைத் தூக்கினால் மட்டும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் வேண்டுமா?

சரி, இரட்டையர் பத்துக்கு ஏழு ஆவது எப்படி? மந்திரத்தில் ஆகாது. இரண்டு பிள்ளைகள் ஒரு வருடம் ஒன்றாக ஆட வேண்டும். யார் நடுப்பந்தை எடுப்பது, ஒருத்தி வலைக்கு ஓடினால் மற்றவள் எங்கே நிற்பது, சர்வீஸ் எந்தப் பக்கம் போகும் என்று கண்ணாலேயே பேசிக்கொள்ளப் பழக வேண்டும். நம் அமைப்பில் கோளாறு இருப்பதே இங்கேதான்.

வெளியே பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஒரு கல்லூரி அணி நேராக அகில இந்தியப் போட்டிக்குப் போக முடியாது. பல்கலைக்கழகம்தான் போக முடியும். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அவர்களே கல்லூரி, அவர்களே பல்கலைக்கழகம். டென்னிஸ் ஆடுகிற பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். ஒரே வளாகம், ஒரே பயிற்சியாளர், வருடம் முழுக்க ஒரே ஜோடி. டென்னிஸில் அவர்கள் பேர் வாங்கியிருப்பது அதிசயமில்லை. குறை சொல்லவில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆனால் கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளையின் நிலைமை வேறு. அவள் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைந்த நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒன்றில் படிப்பாள். முதலில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதைப் பார்த்துப் பல்கலைக்கழக அணிக்கு நான்கைந்து பேரைப் பொறுக்குவார்கள். ஒருத்தி தாம்பரத்திலிருந்து வருவாள், ஒருத்தி அண்ணா நகரிலிருந்து, ஒருத்தி திருவள்ளூர்ப் பக்கமிருந்து. போட்டிக்குச் சில நாள் முன்பு ஒரு முகாம். அங்கேதான் "உன் பேர் என்னம்மா?" என்றே கேட்டுக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் பார்க்கிற மாதிரி, போகிற ரயிலில் இரட்டையர் ஜோடி சேர்வார்கள். அப்புறம் தோற்று வந்தால் "நம்ம பொண்ணுங்களுக்குத் திறமை பத்தாது" என்று நாம் தீர்ப்பு எழுதுவோம்.

மழை வேறு. மண்டலப் போட்டி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டியே வரும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அந்த மாதங்களில் என்ன நிலைமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் தண்ணீர் நிற்கும். கூரை போட்ட டென்னிஸ் கோர்ட் நம் பக்கத்தில் எந்தக் கல்லூரிப் பிள்ளைக்குக் கிடைக்கிறது? காய்ந்தால் ஆடு, நனைந்தால் வீட்டுக்குப் போ. மூன்று பந்து உள்ள ஒரு டப்பாவே நானூறு ஐநூறு ரூபாய். ஈரத்தில் அடித்தால் பந்து ஊறிப்போய்ப் பயனில்லாமல் ஆகிவிடும். இத்தனையும் தாண்டித்தான் அந்தப் பிள்ளை அணியில் இடம் பிடித்திருக்கிறாள்.

இரண்டாவது காரணம், "பெண் பிள்ளை, வெளியூர்." அணியோடு மேலாளர் போகிறார், பயிற்சியாளர் போகிறார், கூடவே அதே வயதுப் பிள்ளைகள். சந்தேகம் இருந்தால் மேலாளரின் கைபேசி எண்ணை வாங்கிக்கொள், தினமும் பேசு. தங்குமிடம் எங்கே என்று கேள். கேட்பது உன் உரிமை. ஆனால் கேட்காமலே "வேண்டாம்" என்று சொல்வதற்குப் பேர் அக்கறை இல்லை. நம் பழக்கம் அது. இதே பெண் நாளைக்கு ஐ.டி. வேலைக்கு ஹைதராபாத் போவாள், அப்போது சென்ட்ரல் வரை வந்து பெருமையாக ரயிலேற்றி விடுவாய்.

முதல் காரணம், வருகைப் பதிவு. இதில் அவன் சொன்னதில் நியாயம் உண்டு. கல்லூரியின் பேர் வேண்டாம். அங்கே ஒரு பேராசிரியர் "டென்னிஸா, இன்டர்னல் மார்க்கா, நீயே முடிவு பண்ணிக்கோ" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்துக்காக ஆடப் போகிற நாட்களை ஓ.டி. என்று போட்டு, விட்டுப்போன தேர்வைப் பிறகு வைத்தால் முடிந்தது. வானம் இடிந்து விழாது. ஆனால் அந்தப் பேராசிரியர் மீது கல்லெறிய எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என்னிடம் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும், வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் இருந்தால் அதில் ஒன்று என்னுடையது. "சார், போர்ஷன் முடியல, இன்னைக்கு ஒரு நாள் குடுங்க" என்று பி.டி. சாரிடம் கேட்பேன். அவர் பாவம், ஒன்றும் சொல்ல மாட்டார். விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மட்டையும் பந்துமாகக் கீழே ஓடத் தயாராக நின்ற நாற்பது முகம் அப்படியே வாடிப்போகும். அதைப் பார்த்துக்கொண்டே கரும்பலகையில் இயற்கணிதம் எழுதியவள் நான்.

அதைவிடப் பெரிய தப்பும் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். வளையப்பந்து, அதுதான் டென்னிக்காய்ட், அவள் மாதிரி ஆடியவளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. இடது கையால் வளையத்தைப் பிடித்து அதே கையால் திருப்பி வீசுவாள், எதிரில் நிற்பவளுக்கு எங்கே விழும் என்றே தெரியாது. மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். அதே நாளில் என் திருப்புதல் தேர்வு. வகுப்பாசிரியையாக நான் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. "முதல்ல கணக்குல பாஸ் பண்ணு, அப்புறம் வளையம் பிடிக்கலாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கணக்கில் 71 வாங்கினாள். வளையத்தை அதற்குப் பிறகு அவள் தொட்டு நான் பார்க்கவில்லை.

அந்தத் திருப்புதல் தேர்வில் என்ன கேள்வி கேட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவளுக்கும் இருக்காது. ஆனால் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், "டீச்சர், நான் இன்னும் வளையம் பிடிக்கல." எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளும் இந்தப் பதிவைப் படிப்பாள். அம்மா, உன்னிடம் நான் நேரில் கேட்காத மன்னிப்பை எல்லாருக்கும் முன்னால் இங்கே கேட்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அவள் மாநிலத்துக்கு ஆடியிருப்பாளா? தெரியாது. ஒருவேளை முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்திருக்கலாம். ஆனால் தோற்றது அவள் தோல்வியாக இருந்திருக்கும். நான் எழுதிக் கொடுத்ததாக இருந்திருக்காது.

நம் தமிழ்நாட்டில் டென்னிஸ் என்றால் ராமநாதன் கிருஷ்ணன், ரமேஷ் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள் என்று ஆண்கள் பேரைத்தான் மூச்சு விடாமல் சொல்வோம். பெண்களில்? கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை வென்றார். இன்றைய டென்னிஸ் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அதே கோவையிலிருந்து இப்போது மாயா ராஜேஸ்வரன் வந்திருக்கிறார். 2025 பிப்ரவரியில் மும்பை ஓபனில் அரையிறுதி வரை போனபோது வயது 15. இடையில் இருபத்தேழு வருடம். அந்த இருபத்தேழு வருடத்தில் தமிழ்நாட்டில் டென்னிஸ் ஆடத் தெரிந்த பெண்களே பிறக்கவில்லையா? பிறந்தார்கள். பத்தாம் வகுப்பில் பாதிப் பேரை என் மாதிரி டீச்சர்கள் நிறுத்தினோம். பன்னிரண்டாம் வகுப்பில் மீதியை அப்பா அம்மா நிறுத்தினார்கள். அதையும் தாண்டிக் கல்லூரிக்கு வந்த ஒன்றிரண்டு பேரை வருகைப் பதிவேடு நிறுத்தியது.

எல்லாரும் மாயா ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பி.காம். படிக்கிற ஒரு பெண், தன் பல்கலைக்கழகத்தின் பேரை முதுகில் போட்டுக்கொண்டு, வேறு மாநிலத்துப் பெண்ணோடு நேருக்கு நேர் நின்று, ஒரு பந்தைத் திருப்பி அடித்துப் பார்க்கட்டும். வேலைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக மட்டும் அனுப்பாதீர்கள்.

இனி வேலையைப் பிரித்துக் கொடுக்கிறேன். டீச்சர் பழக்கம், விடாது.

பெருங்களத்தூர், வண்டலூர், மேடவாக்கம் பக்கம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிற என் மாணவர்களே, உங்கள் வளாகத்தில் டென்னிஸ் கோர்ட் இருக்கிறது. பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, மீதி நாள் அங்கே குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சங்கக் கூட்டத்தில் பேசி, காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்து ஆட இடம் வாங்கிக் கொடுங்கள். பத்துக்கு நான்கு பத்துக்கு ஏழாவது அங்கேதான். கல்லூரிகளில் வேலை பார்க்கிற மாணவர்களே, ஓ.டி. கேட்டு ஒரு பிள்ளை உங்கள் மேஜை முன்னால் நின்றால், என்னை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். நான் போடாததற்குப் பதிலாக.

கொழுந்தனாரே, அந்த ரயில் டிக்கெட் காசை நான் தருகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அவர்கள் ஆடுகிற அன்று குழுவில் ஸ்கோர் போடுவேன். தோற்றாலும் சிரிக்கிற பொம்மை போடக் கூடாது.

கடைசியாக, என் மாணவனுக்கு. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய். நேற்று போனில் சொல்லிவிட்டேன். "நடுவுல வர்ற பந்தை யார் எடுக்கிறதுன்னு ரயில்லயே பேசி முடிவு பண்ணிக்கோங்கம்மா" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றாள். நான் சொன்னால் கேட்பாள் என்று சொன்னாயே, கேட்டுவிட்டாள்.

புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பேனா இல்லையென்றால் சேலையூர் வழியாகப் போ. சிவப்பு மை பேனா ஒன்று இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்